டெல்டாவில் ஒரு பால்புதுமையினர் மையத்தைத் தொடர்ந்து நடத்தும் வழி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களில் பால்புதுமையினருக்கென (தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்டோருக்கென) ஒரு மையத்தைத் திறப்பதற்கு ஓர் அறையும் உறுதியான நாலைந்து பேரும் போதும். அதை மூன்றாவது ஆண்டிலும் திறந்து வைத்திருப்பதற்கு வேறு வகை ஏற்பாடு தேவைப்படுகிறது. கொடுக்க மனமுள்ளவர்களும் உழைக்க மனமுள்ளவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் யாருடைய மகன், யாருடைய மருமகள் என்பது கடைத்தெரு வரை தெரிந்த ஊர்களில், அவர்களில் பலர் தம் பெயர் வெளியே வரக்கூடாது என்று நினைப்பது இயல்பு. கொடுப்பவரின் பெயரையும் உழைப்பவரின் முகத்தையும் காத்துக்கொண்டே, கணக்கை மட்டும் ஒளிவுமறைவின்றி வைத்திருக்கத் தெரிந்த மையமே இங்கு நிலைக்கும்.

மாதச் செலவை முதலில் எழுதுங்கள்

நன்கொடை கேட்கப் போகும் முன் மாதச் செலவு ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வாடகை 8,000 ரூபாய், மின்சாரமும் குடிநீரும் இணையமும் சேர்ந்து 2,000, தன்னார்வலர்களின் பயணச் செலவு 3,000, தேநீர் சிற்றுண்டிக்கு 1,500, நள்ளிரவில் வீட்டைவிட்டு வருபவருக்கான அவசர உதவிக்கு 3,500 என்று வைத்துக்கொண்டால் மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. மாதம் 200 ரூபாய் தரும் அறுபது பேரும் 1,000 ரூபாய் தரும் ஆறு பேரும் கிடைத்தால் இந்தத் தொகை நிரம்பிவிடும். ஒரே ஒருவர் மாதாமாதம் 18,000 தருகிறேன் என்று வந்தாலும் அதை நம்பி அந்த அறுபது பேரைத் தேடாமல் விடுவது தவறு. ஒருவர் விலகினால் கதவு மூடப்படும், அறுபதில் ஐவர் விலகினால் தேநீர்ச் செலவு மட்டுமே குறையும்.

திட்ட நிதியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு போன்ற பணிகளுக்காக வரும் பணம் அந்தப் பணிக்கு மட்டுமே உரியது, அதற்கு இலக்கும் முடிவுத் தேதியும் உண்டு. அதை வாங்கலாம், அந்தப் பணியையும் செய்யலாம். ஆனால் மையத்தின் வாடகை அதைச் சார்ந்திருக்கக் கூடாது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, வரிச்சலுகைப் பதிவுகளை முடித்து நிறுவன விவகார அமைச்சகத்தில் எண் பெற்ற அமைப்புகளுக்கே கிடைக்கும் என்பதால், முதல் இரண்டு ஆண்டுகளில் அதன் பின்னே அலைவது பெரும்பாலும் நேர விரயம்.

பதிவும், பதிவேட்டில் ஏறும் பெயர்களும்

சங்கமாகப் பதிவு செய்வதானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிவாகும். ஆட்கள் குறைவாகப் போதும், ஆனால் அதிகாரம் ஓரிருவர் கையில் தங்கிவிடும். பலர் சேர்ந்து நடத்தும் மையத்துக்குச் சங்கமே பொருந்தும் என்பது என் கருத்து. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவதும் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்புவதும் சுமையாகத் தோன்றினாலும், பணத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பும் நாளில் அந்தக் காகிதங்கள்தான் துணை நிற்கும்.

பதிவு ஆவணத்தில் உறுப்பினர்களின் பெயரும் முகவரியும் தொழிலும் இடம்பெறும் என்பதை அந்த ஏழு பேரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவரை எண்ணிக்கைக்காக இதில் சேர்க்கக் கூடாது. வெளிப்படையாக வாழும் திருநங்கையர், நட்பான ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர் என்று வெளியே தெரிந்தாலும் இழப்பில்லாதவர்களைக் கொண்டு அந்த ஏழு இடங்களை நிரப்பலாம். அமைப்பின் பெயரையும் யோசித்து வைக்க வேண்டும். கியூஆர் குறியீட்டில் பணம் செலுத்தினால் அந்தப் பெயர்தான் கொடுப்பவரின் வங்கி அறிக்கையில் அச்சாகும், அந்த அறிக்கையை அவருடைய தந்தையோ கணவரோ பார்க்கக்கூடும். நோக்கத்தை விதிமுறைகளில் தெளிவாக எழுதிவிட்டு, பெயரை மட்டும் ஒரு வாசகசாலையின் பெயர்போல் பொதுவாக வைப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் சேர்ந்து கையெழுத்திடும் முறையில் இருக்க வேண்டும். செயலாளரின் சொந்தக் கைபேசி எண்ணுக்குப் பணம் வாங்கும் வழக்கம் தொடங்கிவிட்டால் பின்னர் நிறுத்துவது கடினம்.

நன்கொடையைக் கேட்பது

டெல்டா ஊர்களுக்குக் கொடை புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நொந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்று கணக்கு வகுத்து, அவற்றிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுத்த முதல் அழியாமல், அதன் விளைவால் ஒரு குறிப்பிட்ட செலவு நடக்க வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் இன்றைக்கும் கட்டளையாகவும் உபயமாகவும் தொடர்கிறது. மையத்துக்கும் அப்படியே கேளுங்கள். “எங்களுக்கு உதவுங்கள்” என்பதைவிட “கார்த்திகை மாத மின்கட்டணம் உங்களுடையதாக இருக்கட்டும்” என்பது இங்கே எளிதில் புரியும். ஒரு மாத வாடகை, ஓராண்டு இணையக் கட்டணம், மாதம் இரண்டு நாள் வரும் மனநல ஆலோசகரின் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டளையாகப் பிரித்து வைத்தால், கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி எழாது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. குழல்விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதும் வழக்கம் இந்த மையத்துக்கு ஆகாது. சுவரில் எந்தப் பெயரும் வேண்டாம்.

சுவரில் பெயர் வேண்டாம் என்பதற்காகக் கணக்குப் புத்தகத்திலும் பெயர் வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவாகாத நன்கொடை, வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் பெயரற்ற நன்கொடை ஆகும். அப்படி வந்த தொகை, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்படும்; கோயில் உண்டியலுக்கு உள்ள விலக்கு இத்தகைய மையங்களுக்கு இல்லை. நம் எடுத்துக்காட்டு மையத்தின் ஆண்டு வரவு 2,16,000 ரூபாய்தான் என்பதால், வாசலில் வைத்த உண்டியலில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் விழுந்தால் சிக்கல் இல்லை. அதற்கு மேல் வருவதெல்லாம் ரசீதோடு வர வேண்டும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பொருளாளர் பூட்டி வைக்க வேண்டும். தணிக்கையாளரைத் தவிர வேறு யாரும், செயற்குழு உறுப்பினரே ஆனாலும், பெயர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை. பொதுக்குழுவுக்குத் தொகைகளை மட்டும் படித்தால் போதும்.

80ஜி என்று எல்லோரும் அறிந்த வரிச்சலுகைப் பதிவைப் பெறுவது நல்லது. ஆனால் அதன் பயனை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு நன்கொடைக்கான அந்த வரிக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவரும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கோர முடியாது. கழிவு கோருபவரின் பெயர், அடையாள எண், தொகை ஆகியவற்றை மையம் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்கு அறிக்கையாகத் தர வேண்டியிருக்கும் என்பதையும் ரசீது எழுதும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சிலர் அதைக் கேட்டதும் சலுகையே வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் விருப்பம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய அச்சு ரசீதுகளைப் பயன்படுத்தும் முன் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

வரிவிலக்கு பெற்ற அமைப்பு, ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும்; மீதி 15 விழுக்காட்டைத் தடையின்றிச் சேமிக்கலாம். 2,16,000 ரூபாயில் அது 32,400 ரூபாய். மூன்று மாதச் செலவான 54,000 ரூபாயைக் கையிருப்பாகச் சேர்ப்பதே முதல் இலக்கு என்றால், இந்த வேகத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் எட்டிவிடலாம். மூலதன நிதிக்கென்றே ஒருவர் எழுத்தில் குறிப்பிட்டுத் தரும் தொகை வேறு கணக்கு. அதை எடுத்துச் செலவு செய்யாமல் நிரந்தர வைப்பில் போட்டு வைக்க வேண்டும்.

பொருளாகத் தருவதையும் மறுக்க வேண்டாம். சம்பா அறுவடைக்குப் பின் ஒரு மூட்டை அரிசியும், பட்டுக்கோட்டைப் பக்கத்து நண்பரின் தேங்காயும் அவசரச் சமையலுக்கு ஆகும். மதிப்பிட்டு வரவில் எழுதிக்கொள்ளுங்கள். உடைந்த நாற்காலிகளையும் பழைய துணி மூட்டைகளையும் மட்டும் நன்றி சொல்லி மறுத்துவிடலாம்.

கொடுப்பவரின் மனம் இளக வேண்டும் என்பதற்காக, மையத்துக்கு வந்த ஒருவரின் துயரத்தைப் பெயர் மாற்றிக்கூட எழுதி அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊர், வயது, சாதி, தொழில் நான்கையும் சொன்னால் டெல்டாவில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதம் ஒரு பக்கத்தில் வரவு, செலவு, மையம் திறந்திருந்த நாட்கள், செய்த உதவியின் வகைகள் ஆகியவற்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். தவறாமல் வரும் வறண்ட கணக்குக்கு, உருக்கமான கடிதத்தைவிட ஆயுள் அதிகம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் டெல்டாக்காரர்கள் இல்லாத ஊர் இல்லை. ஊரைவிட்டுப் போன பிறகு தம்மைப் பற்றிச் சொல்லத் துணிந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் வேறு நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளி அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பெற 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அதற்கு மூன்றாண்டு இயக்கமும் அக்காலத்தில் 15 லட்சம் ரூபாய் பணிச் செலவும் காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக்கே முதலில் வர வேண்டும். மாதம் 18,000 ரூபாயில் நடக்கும் மையத்துக்கு இது எட்டாத உயரம். “என் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் உங்களிடம் கொடுப்பான்” என்ற ஏற்பாட்டுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

தன்னார்வலர்கள்

“வந்து தொண்டு செய்யுங்கள்” என்ற பொது அழைப்புக்கு முதல் வாரம் இருபது பேர் வருவார்கள், இரண்டாம் மாதம் இருவர் மிஞ்சுவார்கள். என்ன வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்று எழுதி அழையுங்கள். முகம் தெரியும் வேலை, முகம் தெரியாத வேலை என்று இரு பட்டியல்கள் போடுவது இங்கே மிகவும் பயன்படும். வரவேற்பு, காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் துணையாகச் செல்வது, நன்கொடையாளரைச் சந்திப்பது ஆகியவை முதல் வகை. கணக்கு எழுதுதல், மனு எழுதுதல், தொலைபேசி எடுத்தல், சுவரொட்டி வடிவமைத்தல், நூலகப் பட்டியல் தயாரித்தல் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றை வல்லத்திலோ மன்னார்குடியிலோ தன் அறையில் உட்கார்ந்தபடியே ஒருவர் செய்துவிடலாம். யாரையும் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு இழுக்கக் கூடாது.

வரும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்கும் திருநம்பியருக்கும் இது மிகப் பெரிய தடை. மாலை ஆறு மணிக்குமேல் நடக்கும் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது. ஆகவே மையத்தின் முன்னறையில் பகல் நேரத்தில் உண்மையாகவே ஏதாவது நடக்கட்டும்: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கான பயிற்சி, தையல் வகுப்பு, வாசகசாலை. பெயருக்கு ஒரு பலகை மாட்டிவிட்டு உள்ளே வேறு நடப்பதாக இருந்தால் ஊருக்கு நான்கே வாரத்தில் தெரிந்துவிடும்; வகுப்பு உண்மையில் நடந்தால், அதில் சேரும் பொதுவானவர்களிடமிருந்தே நல்ல தன்னார்வலர்களும் கிடைப்பார்கள்.

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ள திட்ட அலுவலர்களிடம் நேரில் சென்று, நூலகப் பணி, அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் முகாம் என்று குறிப்பிட்ட வேலையைச் சொல்லிக் கேட்கலாம். அந்த மாணவர்களைக் கலந்துரையாடல் அறைக்குள் விடாமல் முகாம் வேலையோடு நிறுத்திக்கொள்வதே சரி.

பயணச் செலவைத் தன்னார்வலர் கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். ஒரத்தநாட்டிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ வருபவருக்குக் கடைசிப் பேருந்து நேரத்தை ஒட்டியே கூட்டம் முடிய வேண்டும். கடைகளில் காசு கேட்டோ கூலிக்குச் சென்றோ அன்றாடம் சம்பாதிக்கும் திருநங்கை ஒருவர் ஒரு நாள் மையத்தில் இருந்தால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. அவருக்கு மதிப்பூதியம் தராமல் அதைத் தொண்டு என்று அழைப்பது முறையாகாது. திருநங்கையர் சமூகக் குழுவான ஜமாத்தின் பெரியவர்களைத் தொடக்கத்திலேயே பார்த்து, அம்மா என்று அழைத்துப் பேசி, மையத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் மனம் வைத்தால் ஆள் பலம் வரும்; ஆனால் ஒரே ஜமாத்தின் மையமாக அது மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருபவர் முதல் இரண்டு மாதங்கள் பழையவர் ஒருவரோடு சேர்ந்தே வேலை செய்யட்டும். அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டிய உறுதிமொழிகள் சில உண்டு. உள்ளே படம் எடுக்கக் கூடாது. மையத்தில் கண்ட ஒருவரை வெளியே, பேருந்து நிலையத்திலோ கல்யாண மண்டபத்திலோ கண்டால், அவர் முதலில் பேசினால் ஒழியப் பேசக் கூடாது. பயிற்சி இல்லாமல் மனநல ஆலோசனை சொல்லக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் தந்து இணைப்புக் கிடைக்கும்வரை உடன் இருந்தால் போதும். பதினெட்டு வயது நிரம்பாதவர் வந்தால், ரகசியம் காப்பேன் என்று வாக்களிக்கும் முன்பாகவே, போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய கடமை தனக்கு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். மையத்துக்குள்ளேயே அத்துமீறல் நடக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 ஊதியமில்லாத் தன்னார்வலரையும் பணியாளராகவே எண்ணுகிறது, ஆகவே பத்துப் பேர் ஆகிவிட்டால் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அந்தச் சட்டம் பெண்களின் புகாரையே பேசுகிறது என்றாலும், மையத்தின் சொந்த விதி எல்லோருக்கும் பொருந்துமாறு இருக்கட்டும்.

வீட்டு உரிமையாளரும் காவல் நிலையமும்

வாடகை ஒப்பந்தம் எழுத்தில், சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை ஆணையத்திலும் பதிவாக வேண்டும். உரிமையாளரிடம் என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லாமல் குடியேறினால் ஆறாவது மாதம் காலி செய்யச் சொல்வார். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களில் பல கட்டடங்கள் கோயில் அல்லது ஆதீன மனைகளில் இருப்பதால், மனை யாருடையது என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

தன்னார்வலர்கள் இரண்டு காகிதங்களைக் கைவசம் வைத்திருந்தால் காவல் நிலையத்தில் தயங்க வேண்டியிருக்காது. ஒன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு: காணவில்லை என்று பெற்றோர் புகார் தந்து, தேடப்பட்டவர் வயது வந்த பால்புதுமையினர் என்பதும் தன் விருப்பத்தோடு சென்றார் என்பதும் தெரியவந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு துன்புறுத்தலின்றிப் புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது. மற்றது, அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட 24-சி விதி: பால்புதுமையினரை மட்டுமல்ல, அவர்களின் நலனுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அந்த இரண்டாவது பகுதி உங்கள் தன்னார்வலருக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை உட்கோட்டக் காவல் அலுவலகத்துக்குச் சென்று மையத்தை அறிமுகப்படுத்திவிட்டு வருவதும் நல்லது.

கேட்கும் பருவமும் கேட்கக்கூடாத பருவமும்

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையப் பணம் கைக்கு வரும் தை, மாசியில் ஆண்டுக் கட்டளைகளைக் கேளுங்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்துகள் வரிசையாக வரும், குறுவைக்கான செலவும் இருக்கும். அப்போது யாரிடமும் புதிதாகக் கேட்க வேண்டாம். சித்திரையில் கூவாகம் திருவிழா நாட்களில் திருநங்கைத் தன்னார்வலர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஏப்ரல், நவம்பரில் மாணவர்கள் தேர்வில் இருப்பார்கள். இந்த இடைவெளிகளுக்கான ஆட்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே ஆவணங்கள் தரையிலிருந்து மேலே ஏறியிருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் முதல் பேராவூரணி வரை வீடுகளும் தென்னந்தோப்புகளும் சரிந்து கிடந்தன. அப்படி ஒரு நாளில் மையத்தின் சமையல் பாத்திரங்கள் தெருவுக்கே பயன்படட்டும். அவசர நிதியில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கிவிட முன்னரே தீர்மானம் போட்டு வைக்கலாம்.

பொறுப்பாளர் ஒருவர் வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்கோ திருமணமாகி வேறு ஊருக்கோ போவது எந்த நேரத்திலும் நடக்கும். எனவே சாவிகள், வங்கிக் கையெழுத்து, வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், ரசீதுப் புத்தகம், வாடகை ஒப்பந்தம் ஆகிய ஒவ்வொன்றும் எந்த இருவரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பொதுக்குழுவிலும் திருத்துங்கள். ஒரே ஆள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பொருளாளராக இருக்கக் கூடாது என்று விதியில் சேர்த்துவிடுங்கள். மையத்தை மூட நேர்ந்தால் மீதிப் பணமும் பொருளும் இதே நோக்கமுள்ள வேறோர் அமைப்புக்குச் செல்லும் என்பதும், வந்துபோனவர்களின் பெயர்கள் உள்ள பதிவேடுகள் செயற்குழு முன்னிலையில் அழிக்கப்படும் என்பதும், கணக்கு ஏடுகள் மட்டும் சட்டம் கேட்கும் காலம்வரை தணிக்கையாளரிடம் இருக்கும் என்பதும் முதல் நாள் எழுதும் விதிமுறைகளிலேயே இடம்பெற வேண்டும்.